வள்ளி காத்தது பழத்தோட்டத்தை அல்ல

பழம் மட்டுமே மனிதனின் இயற்கை உணவு. அடுப்பு மூட்டிச் சமைத்தது பின்னால் வந்த கெட்ட பழக்கம். பழத்துக்குத் திரும்பினால் நோயும் போகும், காடும் பிழைக்கும். கொடைக்கானல் வட்டாரத்தில் இந்தப் பேச்சு சில ஆண்டுகளாகவே பலமாகக் கேட்கிறது. வட்டக்கானலில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டாரும் இதைச் சொல்கிறார்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு மலையேறி வரும் நம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். வாரக்கணக்கில் பழம் மட்டுமே தரும் முகாம்கள் நடக்கின்றன. போகரும் மற்ற சித்தர்களும் இந்த மலையில் பழம் தின்றே நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள் என்று துணைக்கு ஒரு கதையும் உண்டு.

இது தவறு. உடம்புக்கும் கெடுதல், இந்த மலைக்கும் பொருந்தாதது. பழத்தின் மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. பெருமாள்மலையில் இறங்கி ஒரு சீப்பு மலைப்பழம் வாங்காமல் நான் ஊர் திரும்புவதில்லை. என் மறுப்பு, ‘மட்டுமே’ என்கிறார்களே, அதன் மேல்தான்.

இதைச் சொல்பவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் இதற்கு மதிக்கத்தக்க மரபு ஒன்று இருக்கிறது. சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்தின் வழியில் வந்தவர்கள் பல பத்தாண்டுகளாகத் தேங்காயையும் பழத்தையும் முன்னிறுத்தி இயற்கை உணவைப் பரப்பியிருக்கிறார்கள். எண்ணெயில் பொரித்ததையும் வெள்ளைச் சர்க்கரையையும் மைதாவையும் விடச் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பலர் நலம் பெற்றார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் பரோட்டாவை விட்டதால் வந்த நன்மையைப் பழத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். பிறகு அந்தக் கணக்கை வைத்துச் சோற்றையும் பருப்பையும் மோரையும் விடச் சொல்கிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

‘இயற்கை’ என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த மலைக்காட்டில் உழவும் சந்தையும் இல்லாமல், காடு கொடுத்ததைத் தின்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பளியர்கள். பழமே இயற்கை உணவு என்றால் அவர்கள் பழம் தின்று வாழ்ந்திருக்க வேண்டும். 1960களில் பளியர்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் முதல், அவர்களை அறிந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பளியரின் தலையாய உணவு காட்டு வள்ளிக்கிழங்கு. அதோடு தேன், சிறு வேட்டை, மீன், கீரை. பழம் போகிற வழியில் கிடைத்தால் உண்டு.

கிழங்கு எடுப்பது எளிய வேலை இல்லை. புதரில் படர்ந்திருக்கும் கொடிகளில் எது முற்றிய கொடி என்று இலையையும் தண்டையும் பார்த்தே சொல்ல வேண்டும். காய்ந்த கொடியானால் அது மண்ணில் இறங்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கிழங்கு நேராகக் கீழே போகாது. கல்லிடுக்கில் வளைந்து போகும். குழி இடுப்பளவும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அப்படி எடுத்ததைச் சுட்டோ அவித்தோதான் தின்பார்கள், பல வகைகளைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு அரிக்கும். நாவலும் நெல்லியும் அத்தியும் தவிட்டுப்பழமும் தலைக்கு மேலே பழுத்துக் கிடக்கும் காட்டில், மனிதர்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டு மண்ணைத் தோண்டினார்கள்? பழம் சில வாரங்களில் தீர்ந்துபோகும், பறவையும் குரங்கும் கரடியும் முந்திக்கொள்ளும், தின்றாலும் பசி தாங்காது. கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். காட்டைப் புத்தகத்தில் படிக்காமல் வயிற்றால் அறிந்தவர்கள் கண்ட முடிவு அது.

நம் மரபும் இதையே சொல்கிறது. குறிஞ்சி நிலத்துக்குத் தமிழ் மரபு வகுத்த உணவு தினை, மலைநெல், தேன், கிழங்கு. முருகனுக்கு இன்றும் தேனும் தினைமாவும் படைக்கிறோம். வேடர்கள் வள்ளியைக் கண்டெடுத்ததே கிழங்கு அகழ்ந்த குழியில் என்கிறது கதை. வளர்ந்து பரண் மேல் நின்று கவண் வீசி அவள் காத்தது தினைப்புனத்தை. பழத்தோட்டக் காவலுக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. மலைக்குடியின் உயிர் தானியத்தில் இருந்தது என்பதை அறிந்தவர்கள் கட்டிய கதை அது. பலாவும் வாழையும் குறிஞ்சியில் உண்டுதான். ஆனால் காவல் தேவைப்பட்ட பயிர் எது என்பதைப் பாருங்கள்.

கொடைக்கானல் என்றதும் நினைவுக்கு வரும் பேரிக்காயும் பிளம்ஸும் பீச்சும் இந்த மலைக்கு உரியவையே அல்ல. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்குப் பின் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுப் பழமரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அவகோடாவும் மரத்தக்காளியும் பேஷன் ஃப்ரூட்டும் தென்னமெரிக்கா, மெக்சிகோப் பக்கத்துச் சரக்கு. நல்ல பழங்கள்தாம், நமக்கு வருமானமும் தருகின்றன. ஆனால் வட்டில் நிறைய இவற்றை வெட்டி வைத்துக்கொண்டு, இதுவே இந்த மண்ணின் ஆதி உணவு என்று சொல்வது பொய். சோலைக்காட்டு மரத்திலேயே வாழும் கருமந்தி கூடப் பெரும்பாலும் இலையைத்தான் தின்கிறது. மனிதனுக்கு நெருங்கிய உறவான சிம்பன்சி பழத்தை விரும்பித் தின்னும், உண்மை. அதோடு இலையும் பூச்சியும் இறைச்சியும் தின்னும். அதன் பெருங்குடலும் நம்முடையதைவிடப் பெரியது. நம் குடலும் பல்லும் தாடையும் சிறுத்துப்போனதற்குச் சமைத்த உணவு ஒரு முக்கியக் காரணம் என்று ரிச்சர்ட் ராங்கம் போன்ற அறிஞர்கள் வாதிடுகிறார்கள். தீயை விட்டுவிட்டுப் பின்னால் நடக்க நம் வயிறு ஒத்துழைக்காது.

சித்தர்களைப் பற்றியும் ஒரு சொல். போகர் என்ன உண்டார் என்று நிறுவ யாராலும் முடியாது, ஆகவே அந்தக் கதையை வைத்து ஒருவரை ஒரு வேளைச் சோற்றைக்கூட விடச் சொல்லக் கூடாது. சித்த மருத்துவம் நம் கையில் இருக்கிறது. சித்த வைத்தியர் நோயாளிக்குப் பத்தியம் வகுக்கும்போது முதலில் சொல்வது கஞ்சி. பழம் அங்கே அளவோடு, வேளை பார்த்து வரும்.

பழனிக் கோயிலுக்கே போவோம். பஞ்சாமிர்தத்துக்கு உயிர் விருப்பாச்சி மலைப்பழம். மற்ற வாழைப்பழங்களைவிட அதில் நீர்ச்சத்து குறைவு. அதனால்தான் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது. ஆனால் பழத்தை மட்டும் பிசைந்து பிரசாதம் என்று யாரும் கொடுப்பதில்லை. சர்க்கரையும் நெய்யும் தேனும் ஏலக்காயும் பேரீச்சையும் கற்கண்டும் சேர்ந்தால்தான் அது 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம். அதையும் உள்ளங்கையில் ஒரு கரண்டிதான் வாங்குகிறோம். பசிக்கு அதே கோயிலில் அன்னதானம் இருக்கிறது, 2012 முதல் நாள் முழுவதும் நடக்கிறது. பாதயாத்திரையாகப் பல நாள் நடந்து வந்தவருக்கு இலையில் விழுவது சோறும் சாம்பாரும் ரசமும் மோரும். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய சாமியின் வாசலிலேயே பழத்துக்கும் சோற்றுக்கும் உள்ள இடம் இவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கிறது.

இனி உடம்புக் கணக்கு.

ஓரளவு வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை வாழைப்பழத்தில் மட்டுமே எடுக்க, தோல் நீக்கி ஏறத்தாழ 2 கிலோ சதை தின்ன வேண்டும். தோலோடு நிறுத்தால் 3 கிலோவுக்கு அருகில் வரும். இதில் கிடைக்கும் புரதம் 25 கிராமைத் தாண்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவோ 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராம் வேண்டும்; 2 கிலோ வாழைப்பழத்தில் 150 கிடைத்தாலே அதிகம். பெண்ணுக்கு இரும்புச்சத்து 29 மில்லிகிராம் வேண்டும். கிடைப்பது 6 அல்லது 7. பி12 வைட்டமின் பூஜ்யம்.

தேங்காய் சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு கிலோ வாழைப்பழமும் கால் கிலோ தேங்காயும் சேர்ந்தால் அதே 2000 கலோரி வரும். புரதம் அப்போதும் 20, 22 கிராமில்தான் நிற்கும். சுண்ணாம்புச் சத்து இன்னும் குறையும். பெரிதாகக் கூடுவது கொழுப்புதான். அவகோடாவைச் சேர்த்தாலும் இதே கதை: 100 கிராமில் புரதம் 2 கிராம். நிலக்கடலையும் எள்ளும் பயறும் சேர்த்தால் கணக்கு நேராகும். ஆனால் அப்போது அது பழ உணவு இல்லை, நம் பாட்டி வீட்டு உணவு. அதை நோக்கித்தானே நானும் கூப்பிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு பெண்ணை 6 மில்லிகிராம் இரும்பில் வாழச் சொல்வது பாவம். ஜெர்மனியில் பச்சை உணவே உண்டு வாழ்ந்த 500க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டறிந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுவதுமோ நின்றுபோயிருந்தது. ‘உடம்பு சுத்தமாகிறது, அதனால் விலக்கு நின்றது’ என்று இதற்கு விளக்கம் சொல்லும் பிரசாரகர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். பட்டினியில் இருக்கும் உடம்பு, பிள்ளை பெறும் வேலையை நிறுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதைச் சுத்தம் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

‘நான் ஆறு மாதமாகப் பழம் மட்டும்தான் சாப்பிடுகிறேன், நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று ஒருவர் எதிரில் நின்று சொன்னால் பலருக்கும் வாயடைத்துப் போகிறது. அடைக்க வேண்டியதில்லை. பி12 கல்லீரலில் இரண்டு மூன்று ஆண்டுக்கும் அதற்கு மேலும் தாங்கும் அளவுக்குச் சேமிப்பில் இருக்கும். அந்தச் சேமிப்பு, அவர் முன்பு குடித்த பாலிலும் தயிரிலும் தின்ற முட்டையிலும் மீனிலும் சேர்ந்தது. ஆறு மாதத்தில் தெரிவது எடை குறைவதும், உப்பும் எண்ணெயும் போனதால் வரும் லேசான உணர்வும், நார்ச்சத்தால் வயிறு சரியாவதும்தான். பாதத்தில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி, மனச்சோர்வு எல்லாம் பிறகு வரும். வரும்போது அதைப் பழத்தோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நரம்பில் விழுந்த அடி சில நேரம் திரும்பச் சரியாவதே இல்லை.

இந்தச் சோதனையை நம்மவர்களில் காந்தியைவிட நேர்மையாகச் செய்து பார்த்தவர் யாரும் இல்லை. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ச் சத்தியாகிரகிகள் பலரும் தங்கியிருந்த அந்த இடத்தில், அவரும் நண்பர் காலன்பாக்கும் பழ உணவில் இறங்கினார்கள். 1912இல் காந்தி பாலையும் விட்டார். வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், நிலக்கடலை என்று பல ஆண்டு ஓட்டினார். 1918இல் கேடா மாவட்டத்தில் சீதபேதி வந்து சாவின் விளிம்புக்குப் போனார். உடம்பு தேறவில்லை. கடைசியில் ஆட்டுப்பால் குடித்துத்தான் எழுந்தார். அது அவருக்குத் தீராத மனவேதனை. ஆனாலும், தன்னைப் பார்த்துப் பாலை விட்டவர்கள் அதில் பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று தன் சுயசரிதையிலேயே எழுதினார். 1929இல் சமைக்காத உணவு என்று மறுபடி ஒரு முயற்சி செய்தார். சில மாதங்களில் உடல் நலிந்து அதையும் கைவிட்டு, கைவிட்டதை ஊரறியச் சொன்னார். அவருடைய மன உறுதி நம்மில் யாருக்கு உண்டு? அவர் உடம்பு தாங்காததை, வார இறுதி முகாமுக்கு வருபவர் உடம்பு தாங்கும் என்று எப்படி நம்புவது?

டால்ஸ்டாய் பண்ணைக்குச் சற்று முன்பு, 1902இல், ஆகஸ்ட் எங்கல்ஹார்ட் என்ற ஜெர்மானியர் நியூகினிக்கு அருகே கபகோன் என்ற தீவை வாங்கி, தேங்காயை மட்டுமே தின்று சூரியனை வழிபட்டு வாழும் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். சேர்ந்தவர்களில் சிலர் நோயில் விழுந்தார்கள், சிலர் செத்தார்கள், மற்றவர்கள் ஓடிப்போனார்கள். 1919இல் அவரும் நலிந்து இறந்தார். ‘தேங்காய்–பழம்’ பேசுபவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, இது பூமிக்கு நல்லது என்ற வாதம். மேலோட்டமாகக் கேட்டால் மறுக்கவே முடியாது போல் தோன்றும். மரம் மண்ணைப் பிடித்து வைக்கும், ஆண்டுதோறும் உழ வேண்டாம், விறகும் எரிவாயுவும் மிச்சம். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரைப் பக்கம் சரிவுகளில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு மழைக்கு மண் கரைந்து ஓடுவதைப் பார்த்தவர்கள், மரப்பயிர் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கத்துக் கீழ்மலைத் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள். மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, நிழலில் காப்பி, இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு, பலா, அவகோடா. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தத் தோட்டக்காரர் தன் பழத்தைத் தின்று வாழவில்லை. காப்பியும் மிளகும் பழமும் விற்று அரிசியும் பருப்பும் வாங்குகிறார். பல பயிர் கலந்திருப்பதால்தான் அந்தத் தோட்டம் நிற்கிறது. பழத்தை மட்டும் நம்பியிருந்தால் எப்போதோ அழிந்திருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1970களில் இந்தக் கீழ்மலையில் சுமார் 18,000 எக்டேரில் மலைவாழை இருந்தது. முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் அகலமாக விரியாமல் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் ஓடும். அந்த மரம் தார் போடாது, போட்டாலும் உதவாது. வாழை அசுவினி என்ற சின்னப் பூச்சி ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு அந்த நச்சுயிரியைக் கொண்டுபோகும். நோய் கண்ட கட்டையிலிருந்து எடுத்து நட்ட பக்கக்கன்றும் கொண்டுபோகும். மலைவாழையை ஒரு முறை நட்டால் அதே புதரிலிருந்து பல ஆண்டுக்குத் தார் வெட்டலாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையே எமனாக வந்தது. பரப்பு ஏறத்தாழ 2,000 எக்டேருக்குச் சுருங்கியது. வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை எடுத்துக் கொடுத்து மீட்கப் பார்க்கிறது. இதே மலையின் ஆரஞ்சும் இலை மஞ்சளித்து நுனி காய்ந்து சாகும் நோயில் பெரும்பகுதி போனது. வாழையை மட்டும் தின்று வாழ்ந்த ஊர் ஒன்று அந்த நாளில் இங்கே இருந்திருந்தால் அது என்ன ஆகியிருக்கும்?

பருவத்தையும் பார்க்க வேண்டும். பிளம்ஸும் பீச்சும் கோடையில், பேரிக்காய் அதன் பின்னால், அவகோடா மழையோடு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மேல்மலையில் மரத்தில் என்ன இருக்கிறது? அந்த மாதங்களில் பழ முகாமின் தட்டை நிரப்புவது ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வழியாக மலையேறும் லாரிகள். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை, ஆயக்குடிக் கொய்யா, ஆந்திராவின் சாத்துக்குடி, காஷ்மீர் ஆப்பிள், ஈரான் பேரீச்சை. இத்தனை டீசலையும் அட்டைப் பெட்டியையும் குளிர்பதனக் கிடங்கையும் செலவழித்துவிட்டு, பருப்பு வேகவைக்கும் கால் மணி நேர எரிவாயுவை மிச்சம் பிடித்தேன் என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

வழியில் கெடுவது வேறு. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் விளையும் கொய்யாவில் கிட்டத்தட்ட 16 விழுக்காடு வாய்க்கு வருமுன்பே வீணாகிறது. தானியங்களில் அது 6 விழுக்காட்டுக்கும் கீழே. பழனி அடிவாரத்து ஆயக்குடிச் சந்தையில் விடியற்காலையில் கூடை கூடையாகக் கொய்யா இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பறித்த அன்றே விலை போக வேண்டும். மறுநாள் பாதி விலை, அதற்கும் மறுநாள் மாட்டுக்கு. ஒரு மூட்டை தினையோ துவரையோ வீட்டு மூலையில் ஓர் ஆண்டு கிடக்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதியை இங்கே நினைவுபடுத்த வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் உள்நாட்டைக் கடந்து இந்த மலை வரை வந்தது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, கீழ்மலையில் வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. அந்த நாள்களில் மலைக் கிராமங்களில் அடுப்பு எரிந்தது என்றால், ரேஷன் அரிசியும் டப்பாவில் இருந்த பருப்பும் மூலையில் கிடந்த உருளைக்கிழங்கும் பூண்டும்தான் காரணம். நிலைத்து நிற்கும் உணவு என்றால், சாலை அடைபட்ட வாரத்திலும் குழந்தைக்கு எதையாவது ஆக்கிப்போட முடிய வேண்டும். பழ உணவு அந்தச் சோதனையில் முதல் நாளே தோற்றுவிடும்.

காட்டைக் காப்பாற்றும் என்கிறார்களே, அதிலும் சிக்கல் உண்டு. பேத்துப்பாறைப் பக்கம் யானை இறங்குவது வாழைக்கும் பலாவுக்கும்தான். பலா பழுத்து வாசம் வந்தால் யானை வரும் என்று பிஞ்சிலேயே வெட்டித் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் நகரத்துக்குள்ளேயே காட்டெருமை நடக்கிறது. 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில், எல்லா நிலத்தையும் பழத்தோட்டமாக்கச் சொன்னால், விலங்குக்கும் மனிதனுக்கும் நடக்கும் சண்டைதான் பெருகும். அடிபடுவது யானையும் தோட்டக்கூலியும்.

காசுக் கணக்கையும் விட்டுவிட முடியாது. பெருமாள்மலைச் சாலையோரத்தில் பழம் விற்கும் ஓர் அக்காவிடம், இதை மட்டுமே தின்று வாழ முடியுமா என்று கேட்டேன். “வெறும் பழத்த தின்னுட்டுக் காப்பிப்பழம் பறிக்கப் போக முடியுமாண்ணே? பத்து மணிக்கே கண்ணு இருட்டும். நாங்க விக்கிறதோட சரி, வீட்டுக்குப் போனா கஞ்சிதான்” என்றார். ஒரு நாளைக்கு 3 கிலோ பழம் வாங்கும் காசில் அவர் வீட்டில் நாலு பேர் இரண்டு வேளை சாப்பிடுவார்கள். உடலுழைப்பு இல்லாதவரும் பணம் உள்ளவரும் மட்டுமே பின்பற்றக்கூடிய உணவை உலகத்துக்கான வழி என்று சொல்லக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கிய மாநிலம் இது. பள்ளியில் வாரத்துக்கு ஐந்து முட்டை போடுவதற்கு இங்கே எத்தனை ஆண்டு போராட்டமும் எத்தனை பேர் உழைப்பும் இருக்கின்றன. ‘முட்டை உயிர்க்கொலை, பருப்பு கனம், பழம் கொடுங்கள்’ என்று மலைக்கிராமத்துத் தாய்மாரிடம் போய்ச் சொல்பவர்கள் அந்த உழைப்பைக் கெடுக்கிறார்கள். வளரும் பிள்ளைக்குப் பழம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் தின்னச் சொல்கிறது, அதுகூட நம்மில் பலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதே நிறுவனம் அந்தத் தட்டில் தானியம், பயறு, காய், கீரை, பால் எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் இந்த 100 கிராமைச் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட அவசரமானது சர்க்கரை நோயாளிகளின் நிலை. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேருக்கு ஒருவர். ‘பழத்தின் சர்க்கரை இயற்கைச் சர்க்கரை, உடம்பை ஒன்றும் செய்யாது’ என்று இவர்களிடம் சொல்கிறார்கள். ஒரு கொய்யாவும் அரை ஆப்பிளும் தின்பதால் கெடுதல் இல்லை என்பது சரி. 2 கிலோ வாழைப்பழத்தில் 450 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றன. ரத்தத்துக்கு அது எந்த மரத்தில் காய்த்தது என்று தெரியாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் மோசம். அவ்வளவு பழத்தில் வரும் பொட்டாசியம் ஏழு கிராம் ஆகும், அது இதயத்தையே நிறுத்தலாம்.

ஆகவே, கொடைக்கானலில் இப்படிப்பட்ட முகாம் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வருபவரைச் சேர்க்குமுன் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து எடுக்கிறாரா என்று எழுதி வாங்குங்கள். எடுப்பவரை அவருடைய மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் பழ உணவில் வைக்காதீர்கள். கருவுற்றவர்களையும் பாலூட்டும் தாய்மாரையும் குழந்தைகளையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சில நாளுக்கு மேல் இதைத் தொடரச் சொல்லாதீர்கள். தொடருகிறேன் என்பவரிடம் பி12, ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களில் ஒருவருக்கும் கிடையாது. இன்சுலினை நிறுத்திவிட்டுப் பழம் தின்ற ஒருவருக்கு நடு இரவில் மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, நினைவு தப்பினால், மதுரைப் பெரியாஸ்பத்திரி இங்கிருந்து 120 கிலோமீட்டர். முதல் ஐம்பது கிலோமீட்டரளவு மலைப்பாதை, வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். முகாமுக்குப் பணம் கட்டுமுன், இந்தப் பாதையில் தன்னை யார் கொண்டுபோவார்கள் என்று வருபவரும் கேட்கட்டும்.